அந்த ‘என்னிலும்’ யார்?

கேள்வி: அன்புள்ள டீச்சர், எனக்கு வயது 26. குலசேகரம் பக்கம் ஊர். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியான அப்பா மூன்று வருடம் முன்பு தவறிவிட்டார். அந்தத் துக்கத்தில் என்னைத் தாங்கியது எங்கள் தெருவில் நடக்கும் ஜெபக்குழுதான். அங்கே ஜெபக்குழுவின் கட்டடத்துக்கு 40,000 ரூபாய் தருவதாகக் கடவுளிடம் நேர்ந்து பொருத்தனை செய்தேன். இப்போது அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அரிசியில் கிடக்கிற வண்டு தெரியாமல் அப்படியே களைந்து உலையில் போடுகிறார். ஆபரேஷனுக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள்; கையில் இருப்பது பொருத்தனைக்குச் சேர்த்த பணம்தான். குழுத் தலைவரிடம் கேட்டேன். “21 நாள் உபவாச ஜெபம் நடக்கிறது, இப்போது போகக் கூடாது. பொருத்தனைதான் முதலில். தன்னைத்தான் வெறுத்து என்று வசனம் இருக்கிறதே” என்றார். தாயை என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்ற வசனத்தையும் காட்டினார். கீழ்ப்படியாவிட்டால் சாபம் வருமா?

பதில்: மக்களே, முதலில் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. மிச்சத்தை பஸ்ஸில் இருந்து வாசித்தால் போதும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் புரை ஆபரேஷன், உள்ளே வைக்கிற லென்ஸ் உட்பட, இலவசம். புரையை ரொம்ப முற்றவிட்டால் ஆபரேஷன் சிரமமாகும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறவும் இடமுண்டு. ஆகையால் 21 நாள் கழியட்டும் என்று நீயாகவே தள்ளிப்போடாதே. எப்போது செய்வது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சரி, வசனத்துக்கு வருவோம். நம் வீடுகளில் இருக்கிற வேதாகமத்தில் மாற்கு 8:34இல் ‘தன்னைத்தான் வெறுத்து’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘வெறுத்து’ எத்தனையோ நல்ல பிள்ளைகளை நோகடித்த சொல். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அந்த இடத்தில் ‘தன்னலம் துறந்து’ என்று இருக்கும். கிரேக்க மூலத்தில் அங்கே வருகிற வினைச்சொல்லேதான் மாற்கு 14:30இல் இயேசு தம் சீஷன் பேதுருவிடம் “நீ மூன்றுதரம் என்னை மறுதலிப்பாய்” என்கிற இடத்திலும் வருகிறது. பேதுரு என்ன செய்தார்? குளிர்காய்ந்துகொண்டே “அந்த மனுஷனை நான் அறியேன்” என்றார். அதையே நீ உன் சுயத்திடம் சொல் என்கிறார் இயேசு. எல்லாரும் என்னை மெச்ச வேண்டும், என் பேர் கெடக் கூடாது என்று உள்ளேயிருந்து ஒருத்தி கேட்டுக்கொண்டே இருப்பாளே, அவளிடம் “நீ யாரென்றே எனக்குத் தெரியாது, போ” என்று சொல்லவேண்டும். அம்மாவின் கண் அந்தக் கணக்கில் வராது.

உன் அப்பா பால் வெட்டுவதைப் பார்த்திருப்பாய். விடிவதற்கு முன்னால் போய், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவார். சிரட்டையில் பால் சொட்டும். கத்தி ஆழமாக இறங்கிப் பட்டைக்கு உள்ளே இருக்கிற தடியில் பட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகிவிடும், பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ‘வெறுத்து’ என்பதை அப்படியே பிடித்துக்கொள்கிறவர்கள் தடியில் கத்தி போடுகிறவர்கள்.

நானும் உன் வயதில் ஒரு லெந்து, அதாவது தவக்காலம், முழுக்க சாயா குடிக்காமல் இருந்தேன். 40 நாளும் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். கடைசியில் என் அம்மா ஒரு டம்ளரை முன்னால் வைத்து, “சாயாவைக் குடிச்சிட்டு வாயை மூடு மக்களே” என்றாள். விரதத்தில் நான் எதை விட்டேன், எதை ஊட்டி வளர்த்தேன் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மத்தேயு 10:37ஐ உன் தலைவர் காட்டியது சரி. ஆனால் அந்த ‘என்னிலும்’ யார்? கிறிஸ்து. குழுத் தலைவர் இல்லை. அதைச் சொன்னவர், சிலுவையிலேயே தொங்கிக்கொண்டு, மூச்சுத் திணறுகிற நேரத்தில், தன் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார் (யோவான் 19). இன்னும் நேராகவே பேசியிருக்கிறார், மாற்கு 7ஐ எடுத்துப் பார். பெற்றோருக்குச் செய்யவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிக்க விட்டவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார். உன் கடிதத்தில் இருப்பது அச்சு அசல் அதேதான். பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதே என்று பிரசங்கி 5இல் இருப்பது உண்மைதான், அதை விளையாட்டாக எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் மருந்துக்கு ஆக வேண்டிய பணத்தை நீ தனியாக நேர்ந்துகொள்ள முடியாது. ஆபரேஷன் முடியட்டும். மீதி இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. எவ்வளவு, எப்போது என்பதை ஜெபம்பண்ணி நீயே தீர்மானி.

கீழ்ப்படிதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்காரருக்கு இதில் வேறு பாடம் தேவையில்லை. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். விசுவாசத்தை விடச் சொன்னபோது அவர் விடவில்லை என்பதே சபை காத்துவரும் நினைவு. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதராக அறிவித்தார்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போனால் கல்லறையைப் பார்க்கலாம். ராஜாவின் சொல்லைக் கேட்காத ஒருவரைத்தான் நாம் கீழ்ப்படிதலுக்கு உதாரணமாகக் கும்பிட்டு நிற்கிறோம்.

உன் தலைவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா இறந்தபோது உன்னோடு இருந்தவர்கள் அவர்கள், அந்த நன்றி போகக் கூடாது. ஒன்றை மட்டும் விசாரித்துப் பார்: அவர் யாருக்குக் கீழ்ப்படிகிறார்? கட்டடக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? நான் தப்பு என்று சொல்ல அவருக்கு மேலே ஒரு போதகரோ கமிட்டியோ உண்டா? இதைக் கேட்டதும் முகம் கறுத்தால் உனக்கு வேண்டிய பதில் அதில் இருக்கிறது.

நீ லீவு போட்டால் குழுவில் பேச்சு வரும். ‘பின்வாங்கிப்போனாள்’ என்பார்கள். சாட்சி சொல்ல உன்னை முன்னால் கூப்பிட மாட்டார்கள். உனக்கு உண்மையில் வலிக்கப்போவது அதுதான் என்று நினைக்கிறேன், 40,000 ரூபாய் இல்லை. எனவே நல்ல பிள்ளை என்ற அந்தப் பேரிடம் சொல், உன்னை நான் அறியேன் என்று. தலைவரிடம் நீளமாக விளக்காதே. “அம்மாவுக்கு ஆபரேஷன், முடிந்த பிறகு வருகிறேன் அண்ணே” என்றால் போதும். சாபம் எதுவும் வராது.

ஆபரேஷன் முடிந்த பிறகு சில வாரங்களுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். நேரம் தவறக் கூடாது. அம்மா விறகடுப்புப் புகையில் போய் நிற்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, அரிசி களைவது நீதான். நீ கடைக்குப் போகும் நேரத்தில் மருந்து விட ஒரு ஆள் வேண்டும். ஜெபக்குழுவிலேயே யாராவது ஒரு அக்காவைக் கேட்டுப் பார்.