இசை கேள்வி-பதில்: காந்தாரம் (‘க’ ஸ்வரம்) இறங்கினால் சோகமா?

மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்கிறார்கள். ஆனால் ஆட வைக்கும் பாட்டுகள் பலவும் மைனரில்தானே இருக்கின்றன?

இருக்கின்றன. அந்த விதி பாதிதான் சரி. கீபோர்டில் நடு சி-யிலிருந்து சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; மேஜர். ஈ-யை விட்டுவிட்டு அதன் இடப்பக்கக் கறுப்புக் கட்டையை அழுத்துங்கள், மைனர். சுமார் 330 ஹெர்ட்ஸில் இருந்த நடு ஸ்வரம் 311-க்கு இறங்கியது, அவ்வளவே. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி: அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிவிட்டது.

இதனால் நிறம் கறுக்கும். ஆனால் அது சோகமா, ஆவேசமா, மர்மமா என்பதை மற்ற அம்சங்கள் முடிவு செய்யும். அவற்றில் முதலிடம் வேகத்துக்கு. நிமிடத்துக்கு 60 தட்டில் புலம்பும் மைனர் மெட்டு, 130-இல் விறுவிறுப்பாகிவிடும். மெதுவான மேஜரும் குதூகலம் தராது, தாலாட்டுப் போலக் கனிவாகத்தான் இருக்கும். கேட் ஹெவ்னர் என்ற உளவியலாளர் 1930-களிலேயே ஒரே இசைத்துண்டை மேஜரிலும் மைனரிலும் வாசிக்கவைத்துச் சோதித்தார். மேஜர்-மைனர் வேறுபாடு உணர்வை மாற்றுவது உறுதியானது. வேகத்தின் செல்வாக்கு பெரியது என்பதும் அவருடைய தொடர் ஆய்வுகளில் தெரிந்தது.

இந்த உணர்வு பிறவியிலேயே வருவதா?

பெரும்பாலும் காது பழகி வருவது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 5 வயதுக் குழந்தைகள் வேகத்தை வைத்து மட்டுமே மகிழ்ச்சி, சோகம் பிரித்தார்கள். மேஜர்-மைனரையும் கணக்கில் எடுத்தவர்கள் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள்தான்.

சி மேஜர் பாட்டு ஒன்றைச் சோகமாக்க ட்ரான்ஸ்போஸ் பட்டனில் மூன்று அரைப்படி (கறுப்பையும் எண்ணினால் மூன்று கட்டை) இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லையே?

நடக்காது. ட்ரான்ஸ்போஸ் சுருதியை மட்டும் நகர்த்தும். ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள தூரம் அப்படியே இருக்கும். உங்களுக்குக் கிடைத்தது ஏ மேஜர்.

சி-யை அசைக்காமல் ஈ, ஏ, பி மூன்றையும் அரைப்படி இறக்குங்கள். ராகக் கணக்கில் சங்கராபரணம் நடபைரவியாகிவிடும். பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, இடக்கையில் பழைய சி மேஜர் கார்டையே (சேர்த்து அழுத்தும் சி, ஈ, ஜி கூட்டு) பிடிப்பார்கள். பாடுபவர் ஈ ஃபிளாட்டில் (அரைப்படி இறங்கிய ஈ), கார்டு ஈ-யில். அரைப்படி உரசல் அபஸ்வரமாகத்தான் கேட்கும். எனவே சி, எஃப் கார்டுகளை மைனராக்குங்கள். ஏ மைனர் வந்த இடத்தில் ஏ ஃபிளாட் மேஜர் வரும். கீபோர்டே பின்னணி வாசிக்கும் ஆட்டோ ஸ்டைலை ஒற்றை விரலில் இயக்குபவர்கள் கவனிக்க: வெறும் சி-யைத் தொட்டால் கருவி அதை மேஜர் என்றே எடுத்துக்கொள்ளும். மைனருக்குக் கூடுதல் கட்டை வேண்டும். எந்தக் கட்டை என்பது கருவிக்குக் கருவி மாறும்.

சிக்கல் ஜி-யில்தான். அதையும் மைனராக்கினால் வரி முடிவில் சி-க்குத் திரும்பும் இழுப்பு போய், பாட்டு அந்தரத்தில் தொங்கும். அந்தக் கார்டில் மட்டும் பழைய பி-யை வைத்து ஜி மேஜராகவே விடுங்கள். இப்போது இது கீரவாணி. ஆனால் மெட்டு ஏ ஃபிளாட்டிலிருந்து பி-க்கு ஏறும் இடத்தில் மூன்று அரைப்படித் தாவல் வரும். பழகாத குரல் அங்கே சறுக்கும். ஏறும்போது மட்டும் ஏ-யையும் பழைய இடத்தில் வையுங்கள் (கௌரிமனோகரி), இறங்கும்போது ஏ, பி இரண்டையும் ஃபிளாட்டில் பாடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு வேகத்தை மட்டும் 120-ஆகவே வைத்தால் சோகம் வராது. 80-க்குக் கீழே இறக்கிப் பாருங்கள்.

சி மேஜரிலும் ஏ மைனரிலும் ஒரே ஏழு ஸ்வரங்கள். பிறகு எப்படி வேறாகக் கேட்கிறது?

ஆதார ஸ்வரம் வேறு. இடக்கையில் சி-யை விடாமல் பிடித்தபடி வலக்கையில் வெள்ளைக் கட்டைகளில் மட்டும் எதையாவது வாசியுங்கள். பிறகு அதே வாசிப்பு, இடக்கையில் ஏ. தம்பூராவின் சுருதியை மாற்றியது போல, அதே ஸ்வரங்கள் வேறு முகம் காட்டும்.

கேட்கும் பாட்டு மேஜரா மைனரா என்று அறிய, அதை நிறுத்திவிட்டு, எந்த ஸ்வரத்தில் முடித்தால் நிறைவாக இருக்குமோ அதை முனகுங்கள். அதற்கு மேல் நான்காம் அரைப்படி பாட்டோடு ஒட்டினால் மேஜர், மூன்றாவது ஒட்டினால் மைனர். முதல் கார்டை நம்பாதீர்கள். கடைசிக் கார்டு பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனால் முழுக்க மைனரில் போய்க் கடைசியில் மட்டும் மேஜரில் முடிக்கும் பழைய ஐரோப்பிய வழக்கம் ஒன்று உண்டு. அங்கே அதுவும் ஏமாற்றும்.