தராசுக்கு யார் எடை போடுவது?

கேள்வி: கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் எலக்ட்ரானின் ஆற்றலை ஜெர்மனியில் வருடக்கணக்காக அளந்தார்களாமே. ஒரு தடவை ஒழுங்காக அளந்தால் போதாதா? எங்கள் பட்டறையில் ஒரே கொலுசை மூன்றாவது தடவை தராசில் வைத்தால் கடைக்காரர் முறைக்கிறார்.
– வெள்ளிப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: முறைக்கட்டும், நீங்கள் வையுங்கள்.

நீங்கள் சொல்வது கார்ல்ஸ்ரூவில் நடந்த கேட்ரின் பரிசோதனை. அங்கே அளந்தது எலக்ட்ரானை, ஆனால் தெரிந்துகொள்ள நினைத்தது அதோடு சேர்ந்து பிறந்து கண்ணில் படாமல் ஓடிவிடும் நியூட்ரினோவின் எடையை. டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதையும்போது கிடைக்கும் ஆற்றல் சுமார் 18,600 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலுக்கான அலகு, அவற்றின் எடையையும் இதிலேயே சொல்வார்கள்). அதை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விகிதத்தில். (எலக்ட்ரான்கள் இப்படிக் கலவையான ஆற்றலில் வருவதை 1914-ல் இயற்பியலாளர் சாட்விக் காட்டினார். கணக்கு உதைக்கிறதே என்று இன்னொரு இயற்பியலாளர் பவுலி 1930-ல் இன்னொரு துகள் இருக்க வேண்டும் என்றார்.) நியூட்ரினோவுக்கு எடை இருந்தால், சேதாரம் மாதிரி அது முதலிலேயே கழிந்துவிடும், எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பங்கு அந்த அளவுக்குக் குறையும். அந்தக் குறைவைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு.

எப்படிப் பிடிப்பது? ஏற்காடு மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து கிளம்பும் வண்டிகளில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு பெட்ரோல். 20-ஆவது கொண்டை ஊசி வளைவில் ஒரு கேட். அங்கே வந்து சேருகிற வண்டிகளை எண்ணினால் போதும், யாருடைய டேங்கையும் திறந்து பார்க்க வேண்டாம். கேட்டைக் கொஞ்சம் மேலே தள்ளி மறுபடி எண்ணலாம். கேட்ரினில் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெரிய தொட்டிக்குள், மலைக்குப் பதில் 18,600 வோல்ட் மின்னழுத்தம், அதை ஏறித் தாண்டிய எலக்ட்ரானை மட்டும் எண்ணினார்கள். வம்பு என்னவென்றால், உச்சியின் கடைசி 1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் வருவது சுமார் 5 லட்சம் கோடி எலக்ட்ரானில் ஒன்றே ஒன்று. அதனால்தான் வருடக்கணக்கு.

சரி, அத்தனை நாளில் கேட் தானாகவே ஓர் அடி கீழே இறங்கிவிட்டால்? வண்டிகள் கூடிவிட்டன என்று நாம் ஏமாறுவோம். அளவு ஏமாற்றுவது புதிதல்ல: 1980-ல் மாஸ்கோவில் ஒரு குழு நியூட்ரினோவுக்கு 30 எலக்ட்ரான் வோல்ட் அளவில் எடை இருப்பதாக அறிவித்தது, பின்னால் மற்றவர்கள் அளந்தபோது அது நிற்கவில்லை. கேட்ரின்காரர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட வரம்பு பத்து லட்சத்தில் 3 பங்கு: 18,600 வோல்ட்டில் 0.06 வோல்ட்கூட ஆடக் கூடாது. உங்கள் கணக்கில் ஒரு கிலோ வெள்ளிக்கு 3 மில்லிகிராம்.

நான் கொலுசு வாங்கிய கடையில், காலையில் கடை திறந்ததும் பெரியவர் ஒருவர் டப்பாவிலிருந்து 100 கிராம் பித்தளைக் கல்லைத் துணியால் பிடித்து எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் உருப்படியைத் தொடுவார். கைப்பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டுமாம். கேட்ரினில் அந்தக் கல் கிரிப்டான்-83எம் என்ற கதிரியக்கப் பொருள். அதிலிருந்து 17,824 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு எலக்ட்ரான் வரும், பங்கு கேட்க நியூட்ரினோ கிடையாது, எப்போதும் அதே அளவு. மைன்ஸ் நகரில் முன்பு நியூட்ரினோ எடையை அளக்க வைத்திருந்த பழைய ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கொண்டுவந்து, கேட்ரினின் பெரிய ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் கொடுக்கும் அதே மின்னழுத்தத்தை அதற்கும் கொடுத்து, கிரிப்டான் எலக்ட்ரான் இடம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாறினால் ஆடியது மின்னழுத்தம்.

2025-ல் வந்த முடிவு, 259 நாள் அளவீட்டிலிருந்து: நியூட்ரினோவின் எடை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை. எலக்ட்ரானின் எடையோ 5,11,000.

கேள்வி: கதிரியக்கப் பொருள் நாளுக்கு நாள் தேய்ந்துபோகுமே, அதை எப்படி எடைக்கல்லாக வைப்பது?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: தேய்வது எண்ணிக்கை, ஆற்றல் அல்ல. கிரிப்டானைத் தரும் ருபீடியம்-83-இன் அரை ஆயுள் சுமார் 86 நாள். மூன்று மாதத்தில் எலக்ட்ரான்கள் பாதியாகும், வருகிற ஒவ்வொன்றும் பழைய ஆற்றலோடுதான் வரும். ஆனால் பெரியவரின் எண்ணெய்ப் பசை இங்கேயும் உண்டு. ருபீடியத்தை ஒரு தகட்டின் மேல் வெறுமனே படிய வைத்தால் பரப்பில் ஒட்டுகிற வாயுவெல்லாம் அளவை மெல்ல நகர்த்திவிடும். பிளாட்டினத் தகட்டுக்குள் புதைத்து வைத்தால் நன்றாக நிற்கிறது.

கேள்வி: அறிவியலுக்காக ஏற்றிய லோடிலேயே கஷ்டமானது எது?
– லாரி அதிபர், சங்ககிரி

பதில்: மேலே சொன்ன கேட்ரின்காரர்களுடைய தொட்டியையே சொல்கிறேன். 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் விட்டம், 200 டன். செய்த ஊர் டெகன்டார்ஃப், கார்ல்ஸ்ரூவுக்கு 400 கிலோமீட்டர்தான், ஆனால் எந்தச் சாலையும் தாங்காது. 2006-ல் டான்யூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக்கடல், அட்லாண்டிக் சுற்றி, ரைன் ஆற்றில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், கிட்டத்தட்ட 9,000 கிலோமீட்டர். கடைசி 7 கிலோமீட்டர் மட்டும் டிரெய்லரில், ஊர்த் தெருக்கள் வழியே, இரண்டு பக்கமும் ஜனம் வேடிக்கை பார்க்க, வீட்டுச் சுவரை உரசாத குறையாக.