டிக்கி கதவு மக்கர் செய்கிறதா? மோட்டாரை விட்டுவிட்டு வாருங்கள்

எஸ்யூவிகளில் பட்டனை அழுத்தினால் தானே திறந்து மூடும் பின்கதவைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். கேட்பவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: கதவு எந்த இடத்தில் நிற்கிறது, பீப் சத்தம் வருகிறதா, கையால் தூக்கினால் கனக்கிறதா. வெறுமனே 'வேலை செய்யவில்லை' என்றால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பாதி திறந்து நின்றுவிடுகிறது. பீப் ஒன்றும் இல்லை. மோட்டார் போய்விட்டதா?

ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில்தான் நிற்கிறது என்றால் எதுவும் போகவில்லை. யாரோ உயரத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கதவைக் கையால் வேண்டிய உயரத்துக்குத் தூக்குங்கள். கதவின் உள்விளிம்பில் இருக்கும் மூடும் பட்டனை, பீப் வரும்வரை சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதுதான் முறை. சிலவற்றில் திரையில் செட்டிங் இருக்கும்.

கேள்வி: கதவு கீழே வந்து, கடைசி நொடியில் மறுபடி மேலே போகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது சார்.

இது நல்ல கேள்வி. மூடும்போது மூன்று பேர் காவல் நிற்கிறார்கள். முதலாவது, கைத்தடிக்குள், அதாவது பக்கவாட்டில் நின்று கதவைத் தூக்கி இறக்கும் மோட்டார் தடிக்குள், இருக்கும் ஹால் சென்சார். மோட்டார் சுற்றுவதை எண்ணி, கதவு எங்கே இருக்கிறது, வேகம் குறைகிறதா என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்கிறது. இரண்டாவது, கதவின் இரு பக்க விளிம்பிலும் ஓடும் ரப்பர் பட்டை. விரல் சிக்கினால் உணர்வதற்காக அதனுள் கம்பி போகிறது. மூன்றாவது, பூட்டு. கதவு முதல் பிடியில் விழுந்ததும், பூட்டிலுள்ள சின்ன மோட்டார் அதை உள்ளே இழுத்து இறுக்கும்.

கடைசி நொடியில் திரும்புகிறது என்றால் பூட்டிலிருந்து ஆரம்பியுங்கள். கதவைத் திறந்து வைத்து, ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் நாக்கை மூடிய நிலைக்குத் தள்ளுங்கள், விரல் வேண்டாம். சின்ன மோட்டார் உறுமி இழுத்தால் பூட்டு நலம். அப்புறம் முக்கியமானது: திறக்கும் பட்டனை அழுத்தி நாக்கை விடுவித்த பிறகுதான் கதவை மூட வேண்டும். மறந்து மூடினால் பூட்டும், அது மாட்டிக்கொள்ள வண்டியில் இருக்கும் வளையமும் மோதிக்கொள்ளும்.

பூட்டு சரி என்றால், கதவின் இரு ஓரத்திலும் திருகி வெளியே எடுக்கும் ரப்பர் குமிழ்களைப் பாருங்கள். அளவுக்கு மீறி வெளியே நீட்டியிருந்தால் அவையே கதவை எதிர்த்துத் தள்ளும். அதுவும் இல்லையா, ரப்பர் பட்டைகளின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் இரு பக்க ரெசிஸ்டன்ஸையும் அளந்து ஒப்பிடுங்கள். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று முழுக்க வேறாகக் காட்டினால் குற்றவாளி அதுதான். தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது சாமான் ஏற்றும்போது கிழிந்திருக்கும்.

கேள்வி: பேட்டரி மாற்றினேன். அன்றிலிருந்து பட்டனுக்கு மசியவில்லை.

கதவு தன் இடத்தை மறந்துவிட்டது. கையால் முழுசாக மூடுங்கள், பூட்டு விழ வேண்டும். பிறகு பட்டனால் முழுக்கத் திறந்து, முழுக்க மூடுங்கள். பல வண்டிகளில் இதுவே போதும். போதாவிட்டால் கையேட்டில் அந்த வண்டிக்கான முறை இருக்கும்.

கேள்வி: டிக்கியோடு சேர்ந்து பின் வைப்பரும் கேமராவும் விட்டுவிட்டு வேலை செய்கின்றன. மூன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறார்கள் அண்ணா.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே. கூரைக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் ஒரு வயர்க்கட்டு போகிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது மடங்குகிறது. வருஷக்கணக்கில் மடங்கி உள்ளே செம்பு அறுந்துவிடும், மேல் உறை மட்டும் முழுசாகத் தெரியும். கதவை மெல்ல அசைத்தபடியே வைப்பரைப் போடச் சொல்லுங்கள். ஓடி ஓடி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

ரப்பர் உறையை இழுத்துவிட்டு ஒவ்வொரு வயராக லேசாக இழுத்துப் பாருங்கள். அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். அந்த இடத்திலேயே பற்றவைக்காதீர்கள். ஈயம் ஏறிய வயர் விறைத்து, பக்கத்திலேயே மறுபடி ஒடியும். நன்றாக வளையும் புது வயரைப் போட்டு, இணைப்புகளை மடங்காத இடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: பாதியில் நிற்கிறது, ஏன்?

முதல் பதில்.

கேள்வி: காலை ஆட்டினால் திறக்கும் வசதி எனக்கு மட்டும் திறக்காது.

பம்பருக்கு அடியில் காலை நேராக உள்ளே நீட்டி உடனே வெளியே எடுங்கள். பக்கவாட்டில் கூட்டிப் பெருக்குவது பலிக்காது. சாவி உங்களிடம் இருக்க வேண்டும், பம்பரில் சேறு அப்பியிருக்கக் கூடாது.

கேள்வி: ஒரு பக்கக் கைத்தடி போய்விட்டது. ஒன்றை மாற்றவா, இரண்டையுமா?

இரண்டு பக்கமும் மோட்டார் உள்ளது என்றால், இரண்டையும் மாற்றுங்கள். தடிக்குள் மோட்டாரோடு கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கும் இருக்கிறது. ஒன்று புதிது, ஒன்று தளர்ந்தது என்றால் கதவு முறுக்கிக்கொண்டு போகும்.

(பட்டறை நடத்தும் ஒருவர் உடனே மறுத்தார்: "காசைக் கரைக்கும் யோசனை. ஒன்று மட்டும் மாற்றிய எத்தனையோ வண்டி ஓடுகிறது.")

ஓடும் சார், மறுக்கவில்லை. இரண்டு வருஷ வண்டியில் ஒன்று மட்டும் கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் போயிருந்தால் நானும் ஒன்றைத்தான் மாற்றுவேன். பத்து வருஷ வண்டியில் மாட்டேன்.

("அப்படியானால் ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் வெறும் கேஸ் தடி உள்ள வண்டி? அங்கே சமம் எங்கே?")

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அந்த வண்டியில் கதவும் கீலும் அந்தச் சமமின்மைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அங்கே முதலில் தளர்வது, அடைத்துவைத்த வாயுவால் கதவைத் தாங்கும் கேஸ் தடிதான், விலையும் குறைவு. அதை மாற்றிப் பார்க்காமல் மோட்டாரைத் தொடவே கூடாது. குளிரில் இன்னும் மோசம்: 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கினால் வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். வெயிலில் ஒழுங்காகத் திறந்த கதவு அதிகாலையில் தொங்குவது அதனால்தான்.

("இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.")

கேட்டவர் இரண்டு பக்கமும் மோட்டாரா என்று இன்னும் சொல்லவில்லை சார்! எதை மாற்றினாலும், கதவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் தடியைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தொடுங்கள். முட்டு இல்லாமல் ஒரு தடியைக் கழற்றினால் கதவு தலையில் விழும்.

கேள்வி: தடியைத் திறந்து கிரீஸ் போடலாமா?

வேண்டாம். உள்ளே அழுத்திவைத்த ஸ்பிரிங். விடுபட்டால் முகத்துக்குத்தான் வரும்.

கேள்வி: மழை பெய்தால் டிக்கி தானே திறக்கிறது.

வெளியே நம்பர் பிளேட்டுக்கு மேல் உள்ள ரப்பர் பட்டனில் தண்ணீர் இறங்கியிருக்கும். அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு, சாவியிலிருந்து மட்டும் திறந்து சில நாள் பாருங்கள். பிரச்சினை நின்றால் பட்டனை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: பேட்டரி செத்துவிட்டது, டிக்கியைத் திறக்க முடியவில்லை.

பின் இருக்கையை மடித்து உள்ளே ஊர்ந்து போங்கள். பல வண்டிகளில் கதவின் உள்பக்கம் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும்.

கேள்வி: பட்டன் அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. மோட்டார் விலை என்ன?

விலையை விடுங்கள். கியர் பி-யில் (பார்க்) இருக்கிறதா? கையுறைப் பெட்டியிலோ டாஷ்போர்டிலோ டிக்கியை இயக்கும் சுவிட்ச் அணைந்திருக்கிறதா? பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்டுகிறதா? 12-க்குக் கீழே என்றால் கதவு முரண்டு பிடிப்பது நியாயம். விளையாட்டாகத் தொடர்ந்து திறந்து மூடினீர்களா? மோட்டார் சூடாகிவிடாமல் இருக்க யூனிட் கொஞ்ச நேரம் மறுக்கும்.

கேள்வி: பாதியில் நின்றுவிடுகிறது, மோட்டாரா?

முதல் பதில், சார். முதல் பதில்.

கேள்வி: முன் கண்ணாடி ஏறும்போது கீச்சிடுகிறது.

அது வேறு கதவு. இன்னொரு நாள்.