4.3 வி6 போன பிக்கப்புக்கு எந்த இன்ஜின்?

உங்கள் 1994 செவ்ரோலெட் பிக்கப்பின் 4.3 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜின் போய்விட்டது, அதற்குப் பதில் 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) போடலாமா 6.0 லிட்டர் வி8 போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தினமும் ஓட்டும் வண்டி, கனமான டிரெய்லர் இழுப்பதில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் 5.3 தாராளம். 6.0 பெட்ரோலை அதிகம் குடிக்கும்.

இன்ஜினை மட்டும் தனியாக வாங்கிவிடாதீர்கள். வயரிங், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் (கேபிள் இல்லாமல் மின்சாரத்தில் இயங்குவது) என்றால் ஆக்சிலரேட்டர் பெடலும் சேர்த்துத்தான். பணம் கொடுக்கும் முன் எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (உள்ளே காற்றை அழுத்தும் அளவு) பாருங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஃபியூயல் பம்ப். உங்கள் பழைய டிபிஐ (த்ராட்டில் பாடியில் பெட்ரோலைத் தெளிக்கும்) அமைப்புக்கு 9 முதல் 13 பிஎஸ்ஐ அழுத்தம் போதும்; 5.3 கேட்பது சுமார் 58. பழைய பம்பை வைத்துக்கொண்டு ஓட்டவே முடியாது, அதற்கும் பணம் ஒதுக்குங்கள். அப்புறம், உங்கள் மாநிலத்தின் புகை விதியை இன்ஜின் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.