கப்பல் டன் முதல் நங்கூரச் சங்கிலி வரை: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரே தாதுக் கப்பலுக்கு ஓரிடத்தில் 92,000 என்றும் இன்னோரிடத்தில் 1,80,000 டன் என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். முதலாவது கிராஸ் டன்னேஜாக இருக்கும். அது எடையே இல்லை. கப்பலுக்குள் மூடிய இடங்கள் எல்லாவற்றின் கன அளவையும் ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண், அலகு கிடையாது. 1969-ல் உருவான சர்வதேச உடன்படிக்கை 1982-ல் அமலுக்கு வந்ததிலிருந்து இதுதான் முறை. கட்டணங்களும் பாதுகாப்பு விதிகளும் பெரும்பாலும் இந்த எண்ணைப் பிடித்தே போகும்.

இரண்டாவது டெட்வெயிட். இது நிஜமான எடை: சரக்கு, எரிபொருள், குடிநீர், பாலாஸ்ட் நீர் (கப்பல் நிலையாக நிற்க ஏற்றும் தண்ணீர்), சாமான்கள், ஆட்கள் எல்லாம் சேர்த்துக் கப்பல் தாங்கக்கூடிய சுமை.

மூன்றாவதாக டிஸ்பிளேஸ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. கப்பலும் சுமையும் சேர்ந்த மொத்த எடை, அதாவது கப்பல் ஒதுக்கித் தள்ளும் நீரின் எடை. போர்க்கப்பலுக்கு இதைத்தான் சொல்வார்கள். அது சரக்கு ஏற்றப் போவதில்லையே.

கேள்வி: அப்படியென்றால் சொகுசுக் கப்பல் விமானந்தாங்கியைப் போல இரண்டு மடங்கு எடை என்பது?

எண்ணை மட்டும் பார்த்து வரும் குழப்பம். 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலின் கிராஸ் டன்னேஜ் 2,25,000-ஐத் தாண்டும். நிமிட்ஸ் வகை விமானந்தாங்கியின் டிஸ்பிளேஸ்மென்ட் ஏறத்தாழ ஒரு லட்சம் டன். முன்னது இடம், பின்னது எடை. எடையோடு எடையை வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் நிற்கும். செய்திகளில் இந்த ஒப்பீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கேள்வி: 'மணிக்கு 20 நாட்' என்று எழுதலாமா?

வேண்டாம். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல். 'மணிக்கு' அதற்குள்ளேயே இருக்கிறது. கடல் மைல் 1,852 மீட்டர், ஆக 20 நாட் என்பது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர் வேகம். அட்சரேகையில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தூரம் ஏறக்குறைய ஒரு கடல் மைல். அதனால் கடல் வரைபடத்தில் தூரம் அளப்பவர்கள் கவராயத்தைப் பக்கவாட்டு அளவுகோலில்தான் வைப்பார்கள். மேலும் கீழும் உள்ள தீர்க்கரேகை அளவுகோலில் வைத்தால் கணக்கு கெட்டது.

கேள்வி: அண்ணா, அவ்வளவு பெரிய கப்பலை அந்தச் சின்ன நங்கூரமா பிடித்து நிறுத்துகிறது?

தனியாக இல்லை. நங்கூரம் தரையைக் கவ்வ வேண்டுமானால் இழுப்பு கிடைமட்டமாக வர வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குத்தான் கனமான சங்கிலி. தாராளமாக விட்டால் அதில் ஒரு பகுதி கடலடியிலேயே படுத்துக் கிடக்கும், மீதி வளைந்து தொங்கும். காற்று தள்ளும்போது முதலில் அந்த வளைவு நிமிரும். நங்கூரத்தில் திடீர் இழுப்பு விழாது. ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விடுவது பொதுவான கணக்கு. வானிலை மோசமானால் இன்னும் கூட்டுவார்கள். சங்கிலியை மீட்டரில் சொல்லமாட்டார்கள், 'ஷாக்கிள்' கணக்குதான். ஒரு ஷாக்கிள் 27.5 மீட்டர்.

கேள்வி: இரவில் வலப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தால்?

போர்ட் எனப்படும் இடப்பக்கத்துக்குச் சிவப்பு, ஸ்டார்போர்ட் எனப்படும் வலப்பக்கத்துக்குப் பச்சை. இரண்டும் இயந்திரக் கப்பல்கள், குறுக்கே வருகின்றன என்றால், உங்கள் வலப்பக்கம் இருப்பவருடைய போர்ட் பக்கம்தான் உங்களுக்குத் தெரிகிறது. விலக வேண்டியவர் நீங்கள். முடிந்தவரை அவருக்கு முன்னால் குறுக்கே போகவும் கூடாது.

கேள்வி: முன்பக்கம் தண்ணீருக்கடியில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, மோதுவதற்கா?

இல்லை. அது 'பல்பஸ் போ' எனப்படும் குமிழ் முகப்பு. அது எழுப்பும் அலை, கப்பலின் முகப்பு எழுப்பும் அலையை ஓரளவு தணித்துவிடும், எரிபொருள் மிச்சம். ஆனால் வடிவமைத்த வேகத்தை ஒட்டி ஓடினால்தான் பலன். எரிபொருளைச் சேமிக்க மெதுவாக ஓட்டத் தொடங்கியபோது, சில கப்பல்களில் பழைய மூக்கை வெட்டிவிட்டு வேறு பொருத்தினார்கள்.