அறுந்த வின்ச்சைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி (சுருக்கித் தரப்பட்டுள்ளது): ட்ரில்லில் மாட்டி ஓட்டும் கையடக்க வின்ச் (கயிற்றை உருளையில் சுற்றிப் பாரம் இழுக்கும் கருவி) ஒன்று வாங்கினேன். 340 கிலோ வரை இழுக்கும் என்று போட்டிருந்தது. காற்றில் சாய்ந்த மரத்தின் அடித்துண்டை பக்கத்து வீட்டுக்காரருக்காக இழுத்துக் கொடுத்தேன், காசு எதுவும் வாங்கவில்லை. பாதியில் எஃகுக் கயிறு கொக்கிப் பக்கம் விட்டுக்கொண்டு சாட்டை மாதிரி திரும்பி வந்து அவர் மணிக்கட்டில் அடித்ததில் எலும்பு முறிந்துவிட்டது. கூடவே வந்த கொக்கி சின்னதாக இருந்ததால் என்னிடம் இருந்த பெரிய கொக்கியை மாட்டியிருந்தேன். உதவப் போன என் மேலேயே இப்போது வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார், நன்றி கெட்ட மனிதர். கம்பெனி இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு, பழையதைத் திருப்பி அனுப்பினால் புதியது தருகிறோம் என்கிறது. இரண்டு பேரையும் கோர்ட்டுக்கு இழுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பக்கத்து வீட்டுக்காரரின் நன்றி பற்றியும், கம்பெனிக்காரர்கள் போனை எடுக்காதது பற்றியும்தான். புரிகிறது, ஆனால் இரண்டையும் வைத்து எந்த நீதிமன்றத்திலும் ஒரு பைசா வாங்க முடியாது. சட்டத்துக்கு முக்கியமான விஷயத்தை நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: கம்பெனி அந்த வின்ச்சைத் திருப்பிக் கேட்கிறது. அனுப்பாதீர்கள். பார்சல் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கொக்கியை மாற்றினேன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கம்பெனி வக்கீல் கையில் இது ஒன்று போதும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றி அமைத்தாலோ பொறுப்பு கழன்றுவிடும் அல்லது குறையும் என்பது ஏதோ ஒரு வடிவத்தில் பெரும்பாலான நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விற்றவரைப் பற்றி இதை நேரடியாகவே சொல்கிறது, பிரிவு 87. ஆனால் மாற்றியதால்தான் விபத்து நடந்ததா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் உங்களிடமோ என்னிடமோ இல்லை, அறுந்த முனையில் இருக்கிறது.

அந்த எஃகுக் கயிற்றின் முனையில் கண்ணி போட்டு ஓர் உலோகக் குழாயை வைத்து அழுத்தியிருப்பார்கள். கயிறு அறுபடாமல் அந்தக் குழாயிலிருந்து முழுசாக உருவி வந்திருந்தால், அழுத்தியது சரியில்லை என்பதற்கு நல்ல அறிகுறி, நீங்கள் எந்தக் கொக்கியை மாட்டினாலும் அது வந்திருக்கும். மாறாக, உங்கள் பெரிய கொக்கியின் விளிம்பு உட்காரும் வளைவிலேயே இழைகள் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தால், சிக்கல் உங்கள் பக்கம். இழைகள் நுனியில் மெலிந்து ஒரு பக்கம் கிண்ணம் போலவும் மறுபக்கம் கூம்பு போலவும் முறிந்திருந்தால் அதிக இழுவை. பக்கவாட்டில் தட்டையாகித் தேய்ந்திருந்தால் ஏற்கெனவே எங்கோ உரசியிருக்கிறது. உலோக முறிவு பார்க்கத் தெரிந்த பொறியாளர் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார். அந்த முனை கம்பெனி கிடங்குக்குப் போய்விட்டால் அப்புறம் அவர்கள் அறிக்கை சொல்வதுதான் உண்மை.

கம்பெனி அடுத்து சொல்லப்போவது "அதிகப் பாரம்". மரத்துண்டைத் தரையில் இழுக்கும்போது கயிற்றில் விழுவது அதன் முழு எடை இல்லை, சாதாரண மண்ணில் தோராயமாகப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் துண்டு ஒரு வேரில் மாட்டி நின்றுவிட்டால் கணக்கு மாறும், ட்ரில் திணறி நிற்கும் வரை இழுவை ஏறிக்கொண்டே போகும். இங்கே உங்களுக்குச் சாதகமாக ஒரு வாதம் இருக்கிறது. 340 கிலோ என்பது பொதுவாக உருளையில் கயிறு ஒரே ஒரு அடுக்கு இருக்கும்போது கிடைக்கும் இழுவை, அடுக்கு கூடக் கூட அது குறையும். அதனால் உருளையில் மூன்று நான்கு அடுக்கு சுற்றியிருந்தபோது அறுந்தது என்றால், வின்ச்சால் முழு இழுவையைத் தரவே முடியாத நிலையில் அதன் கயிறு போயிருக்கிறது, அப்படியென்றால் கயிற்றுக்கும் வின்ச்சுக்கும் பொருத்தமே சரியில்லை என்று கேட்கலாம். இதற்கும் ஆதாரம் உருளையில் கயிறு இப்போது சுற்றியிருக்கும் நிலைதான். நல்ல பிள்ளையாக அதைத் திரும்பச் சுற்றி வைத்தீர்களா? இல்லை என்று நம்புகிறேன்.

1963-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் கிரீன்மேன் வழக்கு என்று ஒன்று. அதுவும் வீட்டில் வைத்து வேலை செய்யும் ஒரு மின்கருவி, மனைவி கணவருக்கு வாங்கிக் கொடுத்தது, மரத்துண்டு பறந்து வந்து அவர் நெற்றியில் அடித்தது. பாகங்களைப் பிடித்து வைத்த திருகுகள் போதாதவை என்று நிபுணர்கள் சொன்னார்கள், குறைபாடுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்ற விதி அங்கே நிலைத்தது. எத்தனையோ நாட்டு நீதிமன்றங்களில் பேசப்பட்ட தீர்ப்பு அது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. "பொருள் எங்கே?" என்று கேட்டால், "மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் சார்" என்பார்கள். நிபுணர் பார்ப்பதற்கு ஒரு திருகு வேண்டாமா?

இன்னொரு பள்ளம் அந்தப் "புதியது தருகிறோம்" படிவத்தில் இருக்கும். கீழே சிறிய எழுத்தில், இதை ஏற்றுக்கொண்டால் இது சம்பந்தமான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்று ஒரு வரி. சிலர் அதைப் படிக்காமல் போனில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, பத்து மாதம் கழித்து ஆஸ்பத்திரி பில்லோடு வருவார்கள். ஒரு வின்ச்சின் விலைக்கு மொத்த வழக்கையும் விற்றுவிட்டு வந்திருப்பார்கள், அது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

சரி, என்ன செய்வது? இருக்கிற நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், அறுந்த முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனி உறையில் போடுங்கள். அட்டைப்பெட்டி, கையேடு, நீங்கள் கழற்றிய பழைய கொக்கி எல்லாம் வேண்டும். விற்பனைப் பக்கத்தையும் விளம்பர வீடியோவையும் அவர்கள் மாற்றுவதற்குள் சேமியுங்கள். வீடியோவில் ஒரு ஆள் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டு மரம் இழுத்தால், "பக்கத்தில் நிற்காதே என்று எச்சரித்தோம்" என்று அவர்கள் சொல்வது எடுபடுவது கஷ்டம். கம்பெனிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல்: பொருள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இரு தரப்பும் இருக்கும்போது பரிசோதிக்கலாம், என் சம்மதமில்லாமல் எதையும் வெட்டவோ பிரிக்கவோ கூடாது. கொக்கியைப் பற்றி அதில் எழுத வேண்டாம். நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம், வக்கீல் மூலம் பதில் சொல்லுங்கள். ஆத்திரத்தில் நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுவதையும் நிறுத்துங்கள். "கொஞ்சம் ஓவராத்தான் இழுத்துட்டேன், ஆனாலும்..." என்று நீங்களே எழுதியதை நீதிபதி முன்னால் வாசிக்கும்போது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் வெளிப்படையாகவே சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ட்ரில்லின் விசை உங்கள் விரலில் இருந்தது. அவர் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இழுத்திருக்கிறீர்கள், தள்ளி நில்லுங்கள் என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை, அறுந்தால் துள்ளாமல் இருக்கக் கயிற்றின் மேல் ஒரு கனமான போர்வைகூடப் போடவில்லை. இலவசமாகச் செய்தது கவனமில்லாமல் செய்ததற்குச் சாக்காகாது. அவரும் விலகி நின்றிருக்கலாம் என்ற வாதம் தொகையைக் குறைக்கும், பூஜ்யமாக்காது. வீட்டுக் காப்பீடோ பொறுப்புக் காப்பீடோ இருந்தால் அவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியப்படுத்துங்கள், அவர்களைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் கையை விரித்துவிட வாய்ப்பு உண்டு. அதன் பிறகு சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் என்று பேசி முடித்து எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தில் "என் தவறால்" என்ற சொல் வேண்டாம். தயாரிப்பாளர் மீது இருவருக்கும் உள்ள உரிமை அப்படியே தொடர்கிறது என்ற வரி கட்டாயம் வேண்டும், அவர் பொருளை வாங்கியவர் இல்லை என்றாலும் பல நாடுகளில் தயாரிப்பாளர் மீது நேரடியாகவே போகலாம், அப்போது உங்களுக்குச் சாட்சியாக நிற்கப்போவதும் அவர்தான்.

கம்பெனி மீது போவதா என்பதைப் பொறியாளரின் கருத்து வந்தபிறகு முடிவு செய்வோம். ஆனால் அவர்களோடு மின்னஞ்சல் போய் வந்துகொண்டிருப்பதால் வழக்குப் போடுவதற்கான கெடு நின்றுவிடாது. இந்திய நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருள் பொறுப்பு விதிகளில் விவரம் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு. உங்கள் ஊர்க் கெடு என்னவென்று இந்த வாரமே உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

ட்ரில்லை வேறு வேலைக்கு எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதன் கிளட்ச் எந்த எண்ணில் இருக்கிறது, வேகக் குமிழ் 1-லா 2-லா என்பதும் ஆதாரம்தான். பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டு வின்ச்சோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள், சுவரில் துளை போட வேறு ட்ரில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.