டபுள்ஸ் சாப்பிடுங்கள், மஞ்சள் அட்டையை மறக்காதீர்கள்
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 63, பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மகளும் மருமகனும் எண்ணெய் எரிவாயு வேலைக்காக கரீபியன் பக்கம் ட்ரினிடாட் தீவில் இருக்கிறார்கள். என்னையும் வீட்டுக்காரரையும் ஒரு மாதம் வந்து தங்கச் சொல்கிறார்கள். அங்கே தெருவில் விற்பதெல்லாம் நம்ம சாப்பாடு மாதிரியே இருக்கும் என்று மகள் ஆசை காட்டுகிறாள். மருமகனோ, "வெளியில் எதையும் வாயில் வைக்காதீங்க அத்தை" என்கிறார். வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் இருக்கிறது. நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: சாப்பாட்டு விஷயத்தில் மகள் பேச்சைக் கேளுங்கள் அம்மா. மருமகன் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் கண்ணெதிரே பொரித்துச் சுடச்சுடத் தரும் கடையில் பயப்பட அவ்வளவு இல்லை. பயப்பட வேண்டியவை வேறு சில இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் டபுள்ஸ். மஞ்சள் போட்டுப் பிசைந்த மாவில் மெல்லிசாகப் பொரித்த 'பாரா' இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி, வெள்ளரிக்காய், மிளகாய் சாஸ். அவ்வளவுதான், இறைச்சி மீன் எதுவும் கிடையாது. அங்கே ஜனங்கள் வேலைக்குப் போகும் வழியில் காலையிலேயே நின்றுகொண்டு சாப்பிடுகிற உணவு அது. நீங்களும் காலையில் போங்கள், அப்போதுதான் எல்லாம் புதிதாக இருக்கும், ஆளும் நிறைய வந்து போவதால் எதுவும் தேங்கி நிற்காது.

அடுத்து 'பஸ் அப் ஷட்' என்று ஒரு ரொட்டி. நம்ம ரொட்டி சானாய்க்குச் சொந்தக்காரன்தான், கல்லிலேயே அடித்துக் கிழித்து, கறியோடு தருவார்கள். பருப்பை அரைத்து உள்ளே வைத்த தால்பூரியும் உண்டு, பருப்பு மாவில் உருண்டை உருண்டையாகப் பொரித்த ஃபொலோரியும் உண்டு. இதெல்லாம் அங்கே எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. 1845 மே 30-ஆம் தேதி ஃபத்தேல் ரசாக் என்ற கப்பல் அந்தத் தீவில் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது, 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் கல்கத்தா வழியாகப் போன வடக்கத்திக்காரர்கள், மதராஸிலிருந்து போனவர்கள் குறைவு. நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்ததும் அந்தக் காலத்தில்தான். அவர்கள் கையில் கொண்டுபோன சமையல் இன்றைக்கு அந்த நாட்டுக்கே பொதுச் சாப்பாடாகிவிட்டது. அதைச் சாப்பிடாமல் ஒரு மாதம் வீட்டுக்குள் சோறு வடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

கடை பார்ப்பது எப்படி என்றால், பசார் மாலாம் இரவுச் சந்தையில் எப்படிப் பார்க்கிறீர்களோ அப்படியேதான். கூட்டம் இருக்கிறதா, கறி கொதிக்கிறதா, காசு வாங்குகிற கையாலேயே ரொட்டியை எடுக்கிறார்களா, இதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தானாகத் தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் பச்சையாக வெட்டி வைத்த வெள்ளரிக்காயையும், திறந்து கிடக்கும் சட்னியையும், ஐஸ் போட்ட தண்ணீரையும் விட்டுவிடுங்கள், வயிறு புது இடத்துக்குப் பழகட்டும். குழாய்த் தண்ணீர் சுத்திகரித்ததுதான், ஆனால் விநியோகம் அடிக்கடி தடைபடுவதால் பல வீடுகளில் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள், அதனால் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மிளகாய் விஷயத்தில் தயவுசெய்து தைரியம் காட்ட வேண்டாம். நாம் சிலி பாடி தின்று வளர்ந்தவர்கள், அது காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 50,000 முதல் 1,00,000 வரை இருக்கும். ட்ரினிடாட்டின் மொருகா ஸ்கார்ப்பியன் மிளகாய் சராசரியாகவே 12 லட்சத்தைத் தாண்டும், 2012-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் உலகத்திலேயே காரமானது என்று அறிவித்த மிளகாய் அதுதான். எல்லாக் கடையிலும் அதையே போடுவார்கள் என்றில்லை, ஆனால் சாதாரண ஸ்காட்ச் பானட் மிளகாயே நம்மதைவிடக் காரம் அதிகம். டபுள்ஸ் கேட்கும்போது 'ஸ்லைட்' என்று சொல்லுங்கள், மிளகாய் கொஞ்சமாக என்று அவர்களுக்குப் புரியும். எரிந்தால் தண்ணீர் குடிப்பதில் பலனில்லை, பால் அல்லது தயிர்.

மாட்டிறைச்சி பற்றி: பெலாவ் என்று ஒரு சோறு, சீனியைக் கருக்கி, அதில் இறைச்சியையும் துவரையையும் போட்டு வேகவைப்பது. கோழியிலும் செய்வார்கள், மாட்டிலும் செய்வார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கல்லலூ என்பது சேம்பு இலையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கடைசல், பச்சையாக இருப்பதால் சைவம் என்று நினைத்துவிடுவோம், ஆனால் அதில் நண்டு போடுவார்கள், உப்புப் போட்ட பன்றி வாலும் போடுவதுண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள். அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் நிறைய இருப்பதால் இப்படிக் கேட்பது யாருக்கும் புதிதில்லை.

வீட்டுக்காரருக்கு: டபுள்ஸும் ரொட்டியும் மைதாதான், ஆசைக்கு ஒன்று போதும். சோரல், மோபி என்று குடிக்கிற தண்ணீரில் சீனி அள்ளிக் கொட்டியிருப்பார்கள், அதைத் தவிர்த்தால் நல்லது. மருந்து நேரத்தில் மட்டும் ஒரு வசதி இருக்கிறது. மலேசியாவுக்கும் ட்ரினிடாட்டுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், கைக்கடிகார முள்ளைத் திருப்பவே வேண்டாம், காலை மட்டும் இரவாகிவிடும். காலை மருந்தை எந்தக் கட்டத்தில் மாற்றுவது, விமானத்தில் என்ன செய்வது என்று கிளினிக்கில் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் அது கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துவிடலாம்.

இப்போது முக்கியமானது. உங்கள் மகளும் மருமகனும் இதைச் சொன்னார்களா தெரியவில்லை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ட்ரினிடாட் டொபேகோ அந்த நோய் ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து மலேசியாவுக்குள் வரும் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாரிடமும் தடுப்பூசிச் சான்றிதழ், அதாவது மஞ்சள் அட்டை, கேட்பது நம் நாட்டு விதி. அதாவது போகும்போது இல்லை, சொந்த ஊருக்குத் திரும்பி வரும்போதுதான் மாட்டுவீர்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும்.

ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அபூர்வம் என்றாலும், இளவயதினரைவிட அதிகம். அதனால் உங்கள் இருவருக்கும் டாக்டர் உடம்பைப் பார்த்து முடிவு சொல்லட்டும். ஊசி கூடாது என்றால் அதற்கும் மருத்துவச் சான்று தருவார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே இதை முடியுங்கள். அமெரிக்கா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்றால் யோசியுங்கள், விமானம் மாறுவதற்குக்கூட மலேசியர்களுக்கு அங்கே விசா வேண்டும்.

மருமகன் பயத்தில் ஒரு பாதி நியாயம். குண்டர் கும்பல் கொலைகளால் 2024 டிசம்பர் 30-இல் அங்கே அவசரகாலம் அறிவித்தார்கள், 2025-இலும் மறுபடி அறிவித்தார்கள். இருட்டிய பிறகு நடக்க வேண்டாம், தெரிந்த வண்டியில் மட்டும் ஏறுங்கள், தாலியையும் வளையலையும் இங்கேயே பத்திரமாக வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போங்கள். போலீஸ் எண் 999, ஆம்புலன்ஸ் 811.

கேள்வி: நானும் சுங்கை சிப்புட்தான். கல்யாணமாகி முதல் பெரிய பயணமாக மனைவியோடு டொபேகோ போகிறேன். கடற்கரை, மீன், பழம் என்று இருக்க ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: வாழ்த்துகள் தம்பி. கீழே கிடக்கும் பழத்தை எடுத்துக் கடிக்காதீர்கள். மன்சினீல் என்று ஒரு மரம் கரீபியன் கடற்கரைகளில் நிற்கிறது, பழம் சின்னப் பச்சை ஆப்பிள் போல வாசனையாகவே இருக்கும். 1999-இல் டொபேகோவில் விடுமுறைக்குப் போன ஒரு மருத்துவர் அதைக் கடித்துப் பார்த்தார், முதலில் இனிப்பு, அப்புறம் தொண்டை எரிந்து அடைத்து, விழுங்கவே முடியாமல் மணிக்கணக்கில் துடித்திருக்கிறார். நம்ம பால்மரத்தின் குடும்பம்தான் அதுவும், வெட்டினால் வெள்ளைப்பால் வரும். தோட்டத்துப் பிள்ளைகள் நாம் கையெல்லாம் பால் ஒட்டி வளர்ந்ததால் பாலுக்குப் பயப்பட மாட்டோம், ஆனால் அந்தப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினாலே போதும், இலையில் வடியும் நீர் பட்டும் கொப்பளிக்கும். தெரியாத மரத்தடியில் மழைக்கு நிற்காதீர்கள்.

மீனில், பவளப்பாறை ஓரத்துப் பெரிய மீன்களை விடுங்கள்: சீலா, பெரிய கெராப்பு, பெரிய ஈக்கான் மேரா வகைகள். பாறையில் வளரும் நுண்பாசியின் நஞ்சு சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்கிறது, சிகுவாடெரா என்பார்கள். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது, ருசியிலோ மணத்திலோ தெரியவும் தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடு மரத்துப்போவது, குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவது போலத் தோன்றுவது, இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரி, என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கடலில் உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், கொடி பார்த்து இறங்குங்கள். சிவப்புக் கொடி என்றால் காலைக்கூட நனைக்க வேண்டாம். ட்ரினிடாட் பக்கம் மராக்காஸ் கடற்கரைக்குச் சுறா மீன் ரொட்டி சாப்பிடப் போனால் இதை நினைவில் வையுங்கள், அங்கே நீரோட்டம் பலமானது. மஞ்சள் காய்ச்சல் ஆபத்து ட்ரினிடாட் தீவில்தான், டொபேகோவில் இல்லை, ஆனாலும் பாஸ்போர்ட்டில் நாடு ஒன்றுதான் என்பதால் மேலே அம்மாவுக்குச் சொன்ன ஊசி உங்கள் இருவருக்கும் வேண்டும். மனைவி கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்துக்கொண்டால், ஸ்டோர் பே கடற்கரைக் கடைகளுக்குப் போய் நண்டுக் கறியும் டம்ப்ளிங்கும் வாங்குங்கள். மஞ்சள் கறை போகாது, நல்ல சட்டை வேண்டாம்.